அவள் தூளி கட்டும் உயரம்

என் மகள் முதலில் பேசியது தெலுங்கு. எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. நான் சாத்தூர்ப் பக்கம், என் வீட்டுக்காரர் அரூர்ப் பக்கம். ஒன்பது மாதக் குழந்தை இரண்டு கையையும் நீட்டி, "ரா... ரா..." என்றது. ரா என்றால் வா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வாசற்படியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சொன்னது.

அன்றைக்கே அந்த வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எதற்கும் இடத்தை மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். மருந்து நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பூருக்குப் போனேன். அங்கே பனியன் கம்பெனி, பிறகு ஈரோட்டில் சாயப்பட்டறை, பிறகு கோழிப்பண்ணை. சூப்பர்வைசர் முறைத்தால் சாயங்காலம் பை தயாராகிவிடும். ஓசூருக்கு ரோஜாப் பண்ணை வேலை என்று ஒருத்தி சொன்னதை நம்பி வந்தேன். குளிர் பிடித்திருந்தது. லேத் பட்டறையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரே ஊரில் மூன்று வருடம் தொடர்ந்து இருந்தது அதுதான் முதல் தடவை.

லைன் வீடு. ஒரே சுவரில் எட்டு வீடு, எட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய், கடைசியில் இரண்டு கக்கூஸ். பக்கத்து வீட்டில் இருந்தவள் எல்லையோரத்துப் பேரிகை ஊர்க்காரி. வீட்டில் தெலுங்கு, குழாயடியில் தமிழ், மளிகைக் கடையில் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். என்னைவிட நாலு வயது சின்னவள். நான் முழுகாமல் ஆனபோது அவளுக்கு ஏற்கெனவே இரண்டு மாதம்.

ரோஜாப் பண்ணையில் என் வேலை, மொட்டு விரிந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சின்ன வலை மாட்டுவது. தலைக்கு மேல் உயர்ந்த செடியிலும் எம்பி மாட்டுவேன். எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் கை மேலே போகவில்லை. வலி இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். கை பாதியில் நின்று, பிறகு தானாக இறங்கிவிட்டது. மறுநாள் தலை வார முடியவில்லை. அதற்கடுத்த வாரம் கக்கூசில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் கதவைத் தட்டினேன்.

வந்தது அவள்தான். எட்டு மாத வயிற்றோடு உள்ளே வந்து, என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, ஒரே தூக்கில் நிறுத்தினாள்.

"என்னாக்கா, வயித்துல ஒண்ணுதானா, இல்ல ஒரு மூட்டை சிமெண்டா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அவள் கையில் இருந்தது. முழங்கைக்கு மேலே சதை திரண்டு உருண்டிருந்தது. அவளும் பிள்ளைத்தாய்ச்சி, நானும் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கு மட்டும் எப்படி? அங்கே ஆரம்பித்தது.

என் கண் இமை இரண்டும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா நிறத்துக்கு வந்தன. விரல் கணுக்களில் சிவப்பாகத் தடித்துச் செதில் உரிந்தது. குழாயடியில் மங்கு என்றார்கள், குழந்தை பிறந்ததும் போய்விடும் என்றார்கள். டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்து ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "எல்லாருக்கும் இடுப்பு அசரத்தாம்மா செய்யும். நடந்து குடுங்க" என்றார். நடந்தால் தொடை மடங்கிக்கொண்டது. இதை நான் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. கோழிப்பண்ணையில் இதைவிட அசந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு மகன் பிறந்தான். இரண்டு மணி நேரத்தில் பிரசவம், மூன்றாம் நாள் துணி துவைத்தாள். இரண்டு மாதம் கழித்து எனக்கு மகள். முக்குவதற்குத் தெம்பில்லை. ஆயுதம் போட்டு எடுத்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகுதான் உடம்பு மோசமானது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. சோறு தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தது. பால் கொடுக்க யாராவது குழந்தையை என் மார்பில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் கடைசியில் லீவு சொல்லிவிட்டு என்னைப் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் ஏறும்போது குழந்தை அவள் கையில் இருந்தது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கே ஊசியைத் தசையில் குத்தி மின்சாரம் பார்த்தார்கள். தொடையில் கீறி ஒரு துண்டு சதை எடுத்தார்கள். ரத்தத்தில் நூறு சொச்சம் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று பல ஆயிரத்தில் இருந்ததாம். வயதான டாக்டர் ஒருவர், பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலுமாகச் சொன்னார்.

"உடம்புக்குள்ள காவக்காரன் இருக்கான்ல? வெளியிலேர்ந்து வர்ற கிருமிய அடிக்கிறவன். அவனுக்குப் புத்தி கெட்டுப்போய் உன் தசையவே திருடன்னு நெனச்சு அடிக்கிறான். மயோசைட்டிஸ்னு பேரு. கர்ப்பத்துல கெளம்பறது அபூர்வம். உனக்குக் கெளம்பிடுச்சு."

"தொத்துமா, சார்? கொழந்தைக்கு?"

"தொத்தாது. நீ பயப்படாத."

"எப்ப சார் தூக்குவேன்?"

"எதை?"

"கொழந்தைய."

அவர் மாத்திரைச் சீட்டை எழுதினார். காலையில் ஒரு கை நிறைய சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை. நோய் நன்றாக அடங்கும்வரை இன்னொரு குழந்தையை நினைக்கவே கூடாது என்றார். நோய் நன்றாக அடங்கும்வரை இன்னொரு குழந்தையை நினைக்கவே கூடாது என்றார். கொடுப்பதற்குப் பால் இருந்தால்தானே. மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பியபோது என் மார்பு வற்றியிருந்தது. என் மகளோ தொடை மடிப்பு விழக் கொழுத்திருந்தாள். என் முகத்தைக் கண்டதும் வீறிட்டாள்.

"அக்கா, கோச்சிக்காத. பால் பவுடரு ஒத்துக்கல, வவுறு போச்சு. அதான் ரெண்டு பேருக்கும் நானே குடுத்துட்டேன்" என்றாள் அவள்.

கோபித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். வீட்டுக்காரர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் அப்படிக் கும்பிட்டதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

தடுப்பூசி போடும் நாளில் நாங்கள் சேர்ந்துதான் போவோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்ச் சேரும்போது, அவள் இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாக முன்னாலேயே வரிசையில் நிற்பாள்.

"ரெட்டையா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஆமாக்கா. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்பு. கடவுளு கலர் மாத்திட்டான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, பெரியம்மாவா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். நான் தள்ளி நின்றேன். அவள் அவசரமாக, "ஐயோ, இவங்கதான் அம்மா" என்று சொன்னாள்தான். ஆனால் ஊசி குத்தியதும் என் மகள் முகத்தைப் புதைத்தது அவள் கழுத்தில்.

மாத்திரையில் என் முகம் உப்பியது. கன்னம் இரண்டும் பன் மாதிரி ஆயின. குழாயடியில் ஒரு கிழவி, "புள்ள பெத்ததும் நல்லா ஊதிட்டியே. பக்கத்து வூட்டுப் பொண்ணு வளத்துது, நீ தின்னு தேறுனியா?" என்றாள். நான் பாதிக் குடம்கூடத் தூக்க முடியாமல் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த குழாய் முறைக்குப் போகவில்லை.

எங்கள் லைனில் பெருச்சாளித் தொல்லை. சாக்கடையிலிருந்து வீட்டுக்குள் வரும். அதனால் எல்லோரும் தூளியை உயரத்தில்தான் கட்டுவார்கள். ஷீட் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் சேலையை முடிந்து, குழந்தை பெரியவர்கள் மார்பு உயரத்தில் இருக்கும்படி. அவள் வீட்டில் அப்படித்தான் கட்டியிருந்தாள். போகிற போக்கில் ஒரு கையால் மகனை அள்ளி எடுப்பாள், கடையில் பையை எடுப்பது போல. என் வீட்டில் மட்டும் எனக்காக அவளே தூளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டிவிட்டாள். நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சேலையை விலக்கி, குழந்தையை மடியில் உருட்டிக்கொள்வேன். என்னை எழுப்ப யாராவது வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

பார்க்கிறவர்கள் எல்லாம், "இதென்ன, தரையக் கூட்டறாப்பல தூளி?" என்பார்கள். அதற்கும் அவள்தான் பதில் சொல்வாள்: "அக்கா மகாராணி. உக்காந்த எடத்துலேர்ந்துதான் வேலை." வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு எரிந்தது.

அப்படி ஏழெட்டு மாதம் போன பிறகுதான் அந்த 'ரா'.

"ஊட்ட எதுக்கு புள்ள இப்ப மாத்தணுங்கற?" என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பொண்ணு இல்லன்னா நீ எப்படி சமாளிப்ப?"

"கையி இப்ப தோள் வரைக்கும் வருதுல்ல. இந்த லைன்ல சாக்கட நாத்தம். கொழந்தைக்கு ஆகல."

"சாக்கடை நேத்திக்கா வந்துச்சு?"

"நீங்க மாத்துறீங்களா, நான் சாத்தூருக்குப் போகவா?"

அவருக்கு என் பை கட்டும் வேகம் தெரியும். தேன்கனிக்கோட்டை ரோட்டில் அதே மாதிரி ஒரு லைன் வீடு பார்த்தார். சாக்கடை அங்கேயும் இருந்தது. சாமானை டெம்போவில் ஏற்றும்போது அவள் என் மகளுக்கு நெற்றியில் பொட்டு வைத்து, தன் மகனின் சின்னதாகிப்போன சட்டைகள் நாலைந்தை மூட்டை கட்டிக் கொடுத்தாள். டெம்போ கிளம்பியதும் குழந்தை அந்தப் பக்கமே பார்த்து அழுதது. நான் அதன் முகத்தைத் திருப்பி என் தோளில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

புது வீட்டில் தூளி கட்டும்போது வீட்டுக்காரர் சேலையைத் தாழ்த்திப் பிடித்தார்.

"மேல கட்டுங்க" என்றேன்.

"எவ்வளவு மேல?"

"அவ கட்டுற உசரத்துல."

அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டி பானை அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிவிட்டார். அவர் வீட்டில் இருக்கும்போது குழந்தையை எடுப்பதும் போடுவதும் அவர். இல்லாதபோது நான் பாயில்தான் போட்டு வைத்தேன். பத்து நாள் அப்படிப் போனது.

பதினோராம் நாள் அவருக்குக் காலை ஷிப்ட். ஐந்தரைக்குக் கிளம்பும்போது குழந்தை சிணுங்கியதால் தூளியில் போட்டு ஆட்டிவிட்டுப் போனார். நானும் பாயில் போடச் சொல்லவில்லை. இன்றைக்கு நானே எடுத்துவிடுவேன் என்று இருந்தேன். சேலை விளிம்பு வரை கை போகிறது, குழந்தை எட்டு கிலோ, என்ன பெரிய விஷயம்.

எட்டு மணிக்கு எழுந்து அழுதாள். நான் கையைத் தூக்கினேன். விளிம்பு வரை போனது. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். குழந்தை அசையவில்லை. என் கைதான் இறங்கியது. மறுபடி. மறுபடி. நாலாவது தடவை விரல்கூட மடங்கவில்லை. குழந்தை சேலையைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். தலை விளிம்புக்கு வெளியே. ஒரு ஆட்டம் அதிகமானால் தலைகுப்புற விழுவாள். கீழே சிமெண்ட் தரை.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனி. கத்திப் பார்த்தேன். அந்த லைனில் எனக்கு ஒரு முகமும் பழக்கமில்லை. தெருமுனையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அதுவரை நடந்து திரும்பி வர எனக்கு அரை மணி ஆகும். குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

நான் தூளியின் மேல் என் உடம்பைச் சாய்த்து, குழந்தையை மார்பால் அணைத்து நிறுத்தினேன். காலால் பாயையும் தலையணையையும் பேரிகைக்காரி கொடுத்த சட்டை மூட்டையையும் ஒவ்வொன்றாக இழுத்து அடியில் தள்ளினேன். விரல் மறுபடி மடங்க ஆரம்பித்ததும், அலமாரித் தட்டில் இருந்த காய் வெட்டும் கத்தியை எட்டி எடுத்தேன். சேலையின் ஒரு பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அதற்கு மேலே, தோள் உயரத்தில், கத்தியால் அறுத்தேன். பழைய சேலை, ஆனாலும் சுலபமாக அறுபடவில்லை. அறுந்ததும் பாரம் முழுக்கப் பல்லுக்கு வந்தது. தாடை கழன்றுவிடும் போல் இருந்தது. முழங்கால் மடங்கியது. குழந்தை என் மார்பு, வயிறு, தொடை என்று வழுக்கிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் சட்டை மூட்டையின் மேல் விழுந்தோம்.

அவள் நெற்றியில் புடைத்தது. வேறொன்றும் இல்லை. எனக்கு ஒரு பல் ஆடியது.

எழுந்திருக்க முடியாது என்பது விழுந்ததுமே தெரிந்துவிட்டது. அவர் வர மத்தியானம் மூன்று மணி ஆகும். குழந்தை அழுது அழுது என் மேல் ஏறி, ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தாலும் கொடுத்தேன். சப்பினாள். வரவில்லை என்று துப்பினாள். மறுபடி சப்பினாள். போகப் போக வேறு வழியில்லை என்று புரிந்தது போல என் வயிற்றின் மேல் கவிழ்ந்து தூங்கிப்போனாள். கைக்கு எட்டிய ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, எழுந்ததும் ஊட்டினேன். ஈரத் துணியோடு என் மேலேயே விளையாடினாள். என் மூக்கைப் பிடித்தாள், உப்பிய கன்னத்தைத் தட்டினாள். அவளுக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

அந்த ஏழு மணி நேரம் என் முதுகு தரையில் ஒட்டிக் கிடந்தது. என் பிள்ளை எனக்கு மட்டும் என்று இருந்ததும் அந்த ஏழு மணி நேரம்தான். அவர் வந்து கதவைத் திறந்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதற்குள் வந்துவிட்டாரே என்றும் இருந்தது.

அவர் அறுந்த சேலையைப் பார்த்தார், குழந்தையின் நெற்றியைப் பார்த்தார், என்னைத் தூக்கி உட்கார வைத்தார். திட்டவில்லை. வெளியே போய் டெம்போ கூட்டிக்கொண்டு வந்தார்.

பழைய வீட்டில் இன்னும் யாரும் குடி வந்திருக்கவில்லை. டெம்போ சத்தம் கேட்டு அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். "ரா தல்லி, ரா!" என்று கையை விரித்தாள். தல்லி என்றால் அம்மா. பெண் குழந்தையை அவர்கள் அப்படித்தான் கொஞ்சுவார்கள். என் மகள் என் மடியிலிருந்து தாவினாள். ஏழு மணி நேரம் ஒரே தாவலில் போய்விட்டது. அவள் நெற்றிப் புடைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய், எங்கள் வீட்டுக் கூரைக் குழாயில் ஒரு சாண் உயரத்தில் தூளியைக் கட்டினாள்.

நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இமையின் ஊதா வெளுத்தது. முதலில் தலை வாரினேன், பிறகு அரைக் குடம், பிறகு முழுக் குடம். எட்டு கிலோவைத் தூக்கும் தெம்பு எனக்கு வந்தபோது என் மகளுக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. தூக்கப் போனால், "வுடும்மா, நானே வரேன்" என்று முன்னால் ஓடினாள். தமிழில்தான் சொன்னாள். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

அந்த வருடம் பேரிகைக்காரி மறுபடி முழுகாமல் இருந்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் நல்லது என்றேன். அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் துணி ஊற வைத்தேன். இன்னொன்றைப் பற்றிக் கேட்டால், பெங்களூர் டாக்டர் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுமூஞ்சி. யாரிடமும் அடங்காது.

ஒரு மத்தியானம் அவள் கதவைத் தட்டினாள். "அக்கா, பையன பால்வாடிலேர்ந்து கூட்டியாரணும். இத தூளியில போட்டிருக்கேன். அழுதா ஆட்டிவுடு. தூக்காத, உனக்கு ஆவாது."

அவள் போன கையோடு குழந்தை அழுதது. ஆட்டினேன். இன்னும் அழுதது. அவள் வீட்டுத் தூளி, அவள் கட்டும் உயரத்தில், என் மார்புக்கு நேராகத் தொங்கியது. நான் கையை உயர்த்தினேன். போனது. அக்குளில் கொடுத்தேன். தூக்கினேன். வந்தது. முட்டி நடுங்கியது, ஆனால் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். எதற்கும் அடங்காத அது என் கழுத்தில் மூக்கை வைத்து அடங்கியது.

அவள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஐயோ, தூக்கிட்டியாக்கா!" என்றாள். பையை வைத்துவிட்டுக் கையை விரித்தாள். "ரா தல்லி."

குழந்தை அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மறுபடி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

விரித்த கை அப்படியே நின்றது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி அவள் முகத்தில் வந்ததை லைனில் வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். நாலு வருடமாக நான் அதோடு குடித்தனம் நடத்தியவள்.

"குடுக்கா" என்றாள்.

"தூங்குது, இரு" என்றேன்.

குழந்தை தூங்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்து என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. என் தோள் நடுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் போல் இருந்தது.